முண்டியம்பாக்கத்துக்குப் போகும் வழி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த கையோடு உள்ளே நகர்ந்து போயிருந்தால் விழுப்புரம் மாவட்டம் ஓரளவு தப்பியிருக்கும். அது நகரவில்லை. மணிக்கணக்காக அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் கணக்கெடுத்தபோது மயிலத்தில் 24 மணி நேர மழை சுமார் 50 செ.மீ.; புதுச்சேரியில் 48 செ.மீ. அதற்கும் அடுத்த நாள், டிசம்பர் 2 அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்து விடப்பட்டது. அரசூர் அருகே சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை நீருக்குள் போனது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே 452-ஆம் எண் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, அந்தத் தடத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன.

வழியில் சிக்கிய ரயில் பயணிகளைப் பற்றித்தான் அன்று எல்லோரும் பேசினார்கள். ஆனால் முண்டியம்பாக்கம் வெறும் ரயில் நிலையம் அல்ல. அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது அங்கேதான். மரக்காணத்து மீனவர், செஞ்சி விவசாயி, திண்டிவனம் புறவழிச் சாலையில் லாரி மோதிக் கிடப்பவர் என யாருக்குப் பெரிய ஆபத்து வந்தாலும், "முண்டியம்பாக்கத்துக்கு எழுதிட்டாங்க" என்பதுதான் உறவினர்களின் முதல் போன். இல்லாவிட்டால், புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையைச் சொல்லி, "ஜிப்மருக்கு எழுதிட்டாங்க".

எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருக்க, போகும் சாலை தண்ணீருக்குள் இருந்தால்? பேரிடர் காலத்தில் மருத்துவமனை தயாராக இருக்கிறதா என்ற கேள்வி இந்த மாவட்டத்தில் மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது. திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் சுமார் 30 கி.மீ. இடையில், விக்கிரவாண்டியில், சங்கராபரணி ஆறு. புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் மயிலத்தை ஒட்டிய வழி. அந்த மயிலத்தில்தான் அரை மீட்டர் மழை பெய்தது.

மூன்று ஆபத்து, ஒரே வாசல்

இந்த மாவட்டத்துக்குப் பேரிடர் மூன்று உருவத்தில் வருகிறது. முதலாவது கடலும் புயலும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல், 2020 நவம்பர் 25 நள்ளிரவில் மரக்காணம் அருகே கரையேறிய நிவர், பிறகு ஃபெஞ்சல். இரண்டாவது சாலை. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும், திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் பிரியும் சாலைகள் திண்டிவனத்தில் சந்திக்கின்றன. மூன்றாவது விஷச் சாராயம்.

இந்த மூன்றில் புயல் சொல்லிக்கொண்டு வரும். நாலைந்து நாள் அவகாசம் கிடைக்கும். சாலை விபத்து சொல்லாமல் வந்தாலும் தினமும் வருவதால் பழகிப்போனது. விஷச் சாராயம்தான் மருத்துவமனையை உண்மையில் சோதித்துப் பார்த்தது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே விஷம், பல மடங்கு பெரிதாக. 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கள்ளக்குறிச்சி 2019-இல்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022-இல். நோயாளிகள் கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என நான்கு இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. குடித்தவருக்கு முதலில் வழக்கமான போதைதான். உடலுக்குள் அது ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் ரத்தத்தில் சேரச் சேர, பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள், கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு இரைக்கும். பார்வை நரம்பு போய்விட்டால் பிழைத்தவருக்கும் பார்வை திரும்புவது அரிது. இந்த இடைவெளிதான் மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்தோ, அது இல்லாவிட்டால் கணக்கிட்ட அளவில் எத்தனாலோ கொடுத்து, மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கலாம். முற்றிய நிலையில் டயாலிசிஸ்தான் வழி.

இதில் எதுவும் மர்மமான மருத்துவம் இல்லை. கேள்வியெல்லாம் எண்ணிக்கையைப் பற்றியது. ஒரே இரவில் 40 பேர் வந்தால் எத்தனை பேருக்கு மாற்று மருந்து கையிருப்பில் இருக்கிறது? ரத்தத்தின் அமிலத் தன்மையைச் சில நிமிடங்களில் சொல்லும் கருவி எத்தனை? டயாலிசிஸ் எந்திரம் 10 இருந்தால், ஒருவருக்குச் சில மணி நேரம் பிடிக்கும்போது, பதினோராவது ஆள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? அவரை வேறு ஊருக்கு அனுப்பும் முடிவை யார், எந்த நிமிடத்தில் எடுப்பது?

கருணாபுரத்தில் முதலில் இறந்தவர்களின் துக்க வீட்டுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. இரண்டு பேர் ஒரே தெருவிலிருந்து, ஒரே மாதிரி கண் மங்கலோடு வந்தால் அதைச் சந்தேகித்து, உடனே மேலே தகவல் சொல்லும் டியூட்டி டாக்டர் ஒருவர் இருப்பது எத்தனை படுக்கைக்குச் சமம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

டீசல், தண்ணீர், ஆக்சிஜன்

மருத்துவமனை பேரிடரில் தாங்குமா என்று அளந்து பார்க்க உலக சுகாதார நிறுவனம் ஒரு பாதுகாப்புக் குறியீடு வைத்திருக்கிறது. 2015-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் 151 அம்சங்கள். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2016-இல் மருத்துவமனைப் பாதுகாப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இவற்றைப் புரட்டினால் பெரிய எந்திரங்களைவிட, தண்ணீர்த் தொட்டி, குழாய், ஜெனரேட்டர், அலமாரியைச் சுவரோடு இறுக்கும் திருகு போன்றவைதான் கண்ணில் படும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 300 லிட்டர், மூன்று நாளுக்கு இருப்பு வேண்டும் என்பது அந்தக் குறியீட்டின் அளவு. 100 படுக்கை உள்ள மருத்துவமனை என்றால் 90,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் ஏழெட்டு நடை. சாலை மூழ்கிய அன்று அந்த லாரி வராது.

ஆக்சிஜன் கணக்கு இன்னும் இறுக்கமானது. வார்டில் பார்க்கும் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுக்கும் ஒரே நோயாளிக்கு அது 12 மணி நேரம்கூடத் தாங்காது. நிமிடத்துக்கு 60 லிட்டர் தேவைப்படுபவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு அரசு மருத்துவமனைகளில் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரிக்கும் ஆலைகள் வந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஆலை மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் இருப்பது தரைத்தளத்தில் என்றால், கேள்வி மறுபடியும் தண்ணீரில் வந்து நிற்கிறது.

சென்னை இதை 2015 டிசம்பரில் பார்த்தது. அடையாற்று வெள்ளம் மணப்பாக்கத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் புகுந்து, ஜெனரேட்டர் அறையை மூழ்கடித்தது. அங்கு 18 நோயாளிகள் இறந்ததாக அரசு தெரிவித்தது. ஃபெஞ்சல் ஓய்ந்து பத்து நாள் கழித்து, 2024 டிசம்பர் 12 அன்று, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தனர். புகைக்குத் தப்ப லிஃப்டில் ஏறியவர்கள் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். தீ என்றால் லிஃப்ட் கூடாது, சாய்தளம் அல்லது படிக்கட்டுதான் என்பதை நோயாளியோடு வந்தவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். பூட்டாத கதவு ஒன்றும் இருந்திருக்க வேண்டும்.

கட்டிடத்தையே மாற்றி யோசித்த ஊரும் உண்டு. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் குஜராத்தின் புஜ் நகர அரசு மருத்துவமனை நோயாளிகளோடு சரிந்தது. மூன்றாண்டில் எழுந்த புதிய மருத்துவமனையை, நில அதிர்வை உள்வாங்கும் ரப்பர் தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். விழுப்புரத்துக்கு நிலநடுக்கத்தைவிட வெள்ளமே பெரிய பயம். எனவே இங்கே புதிதாக எழும் எந்த மருத்துவமனைக் கட்டிடத்திலும் கேட்க வேண்டியது இதுதான்: மின்சாரப் பலகை, ஜெனரேட்டர், மருந்துக் கிடங்கு, ஆக்சிஜன் குழாயின் தலைப்பகுதி ஆகியவை 2024 டிசம்பர் நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கின்றன?

தினசரி வேலையே ஒத்திகை

2021 டிசம்பர் 18 அன்று, திண்டிவனத்துக்கு வடக்கே அதே நெடுஞ்சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 609 மருத்துவமனைகள் இதில் இருந்தன. அவற்றில் 408 தனியார். இதற்குச் சில ஆண்டுகள் முன்பே அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கென்று தனி அமைப்பு வந்து, வருபவரை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் பழக்கமும் வந்தது. உடனே பார்க்காவிட்டால் போய்விடுவார் என்பவர் சிவப்பு. சற்று நேரம் தாங்குவார் என்பவர் மஞ்சள். நடந்தே வந்தவர் பச்சை.

பேரிடர் நாளில் வேண்டியதும் இதே பிரிப்புதான். முதலில் கத்துபவருக்கும், கூட வந்த பத்துப் பேர் சூழ்ந்து நிற்பவருக்கும் முதல் கவனிப்பு போய்விடாமல், ஓரமாக மயங்கிக் கிடப்பவரைக் கண்டுபிடிக்கும் கண் அது. பஸ் கவிழ்ந்து 30 பேர் வரும் இரவில் திண்டிவனம் ஜி.எச்.சின் ஸ்டாஃப் நர்ஸ் அதைச் செய்து பழகியிருந்தால், புயல் இரவில் புதிதாகக் கற்க வேண்டியிருக்காது. பழக்கம் இல்லாத இடத்தில் சுவரில் ஒட்டிய மூன்று வண்ணப் பலகை மட்டும் மிஞ்சும்.

பட்டியல்களும் அப்படித்தான். தமிழகத்தில் ஒவ்வொரு கர்ப்பிணியும் 'பிக்மி' எண்ணில் பதிவாகிறார். அதனால் புயல் எச்சரிக்கை வந்தவுடன், பிரசவத் தேதி நெருங்கியவர்களை கிராமச் செவிலியர் தேடிப் பிடித்து முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்க முடிகிறது. யாரும் பேரிடருக்காக அந்தப் பதிவேட்டை உருவாக்கவில்லை. மாதாந்திரப் பரிசோதனைக்காக உருவாக்கினார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் பட்டியலும் வீடு வாரியாக இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர்களையும், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களையும் கர்ப்பிணிகளைப் போலவே புயலுக்கு முன் அழைத்து வருவதற்குத் தேவையான விவரம் இப்படித்தான் திரள வேண்டும்.

பதிவேடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் விழுப்புரம் அறியும். 2020 ஏப்ரலில், கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், சோதனை முடிவுகள் வந்ததில் ஏற்பட்ட குழப்பத்தால் தொற்று உள்ள நான்கு பேர் இங்கே டிஸ்சார்ஜ் செய்யப்பட்டார்கள். மூவர் விரைவில் திரும்ப அழைத்து வரப்பட்டனர். நான்காமவரைத் தனிப்படைகள் ஒரு வாரம் தேடி, செங்கல்பட்டு அருகே கண்டுபிடித்தன. வென்டிலேட்டரும் முகக்கவசமும் பேசப்பட்ட காலத்தில் ஒரு காகிதத்தில் நேர்ந்த பிழை அது.

எல்லைக்கு இரு பக்கமும்

இன்னொரு முடிச்சு நிர்வாகத்தில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் புதுச்சேரியை அணைத்தபடி கிடக்கிறது. வானூர்க்காரருக்கு முண்டியம்பாக்கத்தைவிட ஜிப்மர் பக்கம். ஆனால் ஜிப்மர் மத்திய அரசுடையது. அது இருக்கும் கோரிமேடு புதுச்சேரி யூனியன் பிரதேசம். நோயாளியைக் கொண்டுபோகும் 108 வண்டி தமிழக அரசின் ஏற்பாடு. சாதாரண நாளில் இந்த மூன்றும் எப்படியோ ஒத்துப்போகின்றன. சாராயச் சாவுகளின்போதும், ஃபெஞ்சலின்போதும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பாதிக்கப்பட்டோ நிரம்பியோ இருந்தன. எந்த மருத்துவமனையில் எத்தனை வென்டிலேட்டர், எத்தனை டயாலிசிஸ் எந்திரம் காலி என்பதை எல்லைக்கு இரு பக்கமும் ஒரே திரையில் பார்க்க முடிந்தால், நோயாளியை ஏற்றிய பிறகு டிரைவர் போனில் இடம் தேட வேண்டியிருக்காது.

செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆட்கள் குறைவாக இருக்கும் நேரத்தில், திண்டிவனத்திலும் முண்டியம்பாக்கத்திலும் முன்னறிவிப்பில்லாத ஒத்திகை. விக்கிரவாண்டி வழி அடைபட்டதாக வைத்துக்கொண்டு 30 பேரை அனுப்பிப் பார்ப்பது. பகலில் பந்தல் போட்டு, அதிகாரிகள் நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் ஒத்திகைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்தபின் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் ஓடியது, முதல் சிவப்பு நோயாளியை மருத்துவர் எத்தனை நிமிடத்தில் தொட்டார், வீட்டிலிருந்த அறுவை சிகிச்சை நிபுணர் எப்போது வந்து சேர்ந்தார், மாற்று மருந்து எந்த அலமாரியிலிருந்து எவ்வளவு நேரத்தில் வந்தது என்று நான்கு நேரங்களை மட்டும் குறித்தால் போதும். ஏரிகளின் நீர்மட்டத்தையும் நிவாரண முகாம்களின் எண்ணிக்கையையும் அலசும் மாவட்ட ஆட்சியரின் பருவமழை ஆய்வுக் கூட்டத்தில், அந்த நான்கு நேரங்களும் ஒரு வரிசையாக இடம்பெறலாம்.