இருமலை அடக்கும் முன்…

குழந்தை இரவெல்லாம் இருமினால், விடிந்ததும் மருந்துக்கடைக்குப் போய் "இருமல் நிற்க ஏதாவது கொடுங்க" என்கிறோம். சளி இருமல் என்றால், அதை நிறுத்துவதுதான் தவறு.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிழைகள் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நமக்குத் தெரியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். நல்ல நிலையில் இருக்கும் சளியில் 97, 98 விழுக்காடு தண்ணீர்தான். அது சில விழுக்காடு குறைந்தாலே, வடிகஞ்சியாக இருந்தது கூழாகிவிடும். இழைகள் அதன் அடியில் அமுங்கிப்போகும். புகைபிடிப்பவர்களுக்கோ இழைகளே சிதைகின்றன, சளியும் அதிகம் சுரக்கிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகும். அதை வெளியேற்ற உடம்புக்கு அப்போது மிஞ்சுவது இருமல்தான்.

அந்த இருமலைத்தான் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் போன்ற மருந்துகள் அடக்குகின்றன. வறட்டு இருமலுக்கு வேண்டுமானால் அது சரி. ஆனால் இருமலை அடக்குவதையும் சளியை வெளியேற்றுவதையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்பதற்கு வியாபாரத்தைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக்கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகவே வேண்டாம் என்று ஒன்றிய அரசின் சுகாதாரத் துறை அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது.

ஆகவே, சிரப் வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள். பாட்டிலில் பேட்ச் எண் இருக்கும். குழந்தை குணமாகும்வரை அதை எறிய வேண்டாம். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யாரும் புகார் தரலாம். மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

ஆவி பிடித்தால் மூக்குக்கு இதமாக இருக்கும். நெஞ்சுச் சளியை அது இளக்கும் என்பதற்கு வலுவான ஆதாரமில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதோ அடிக்கடி நடக்கிறது. ஒரு வயது தாண்டியிருந்தால் ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நெபுலைசரில் உப்புநீர் வைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, சிரப் குடித்தபின் சிறுநீர் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய்க்கான அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.