ஸ்கேன் ரூமுக்குள்ள ஒரு கல் உருளுது பாருங்க!

கதவைத் திறந்ததும் ஏசி குளிர். விளக்கை அணைத்துவிட்டார்கள். வயிற்றில் ஜில்லென்று ஜெல். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கம்மா" என்கிறார் டாக்டர். வலது விலாவுக்குக் கீழே அல்ட்ராசவுண்ட் புரோப் மெல்ல நகர, சாம்பல் நிறத் திரைக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு குட்டிப் பேரிக்காய். அதுதான் பித்தப்பை!

அந்தக் கறுப்புக்குள் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குப் பின்னால் நேர்கோடாக ஒரு கறுப்பு நிழல். ஒலி அலையைக் கல் தடுத்துவிடுவதால் விழும் நிழல் அது. "இடது பக்கமாத் திரும்பிப் படுங்க." அந்த அம்மா திரும்பியதும், அட, அந்தப் புள்ளியும் உருண்டு இடம் மாறுகிறது! உருண்டால் பெரும்பாலும் கல்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டு, நிழலும் விழாமல் நின்றால் பாலிப் என்கிற சதை வளர்ச்சியாக இருக்கலாம். கத்தியில்லை, கதிர்வீச்சில்லை, சில நிமிட வேலை. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

டாக்டர் விடுவதாயில்லை. பித்தப்பைச் சுவரை அளக்கிறார். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அழற்சியோ என்று யோசிப்பார். பித்தநாளம் வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்கிறார். பிறகு பித்தப்பை மேலேயே புரோப்பை அழுத்தி, "இங்கதான் வலிக்குதா?" என்கிறார். சிகாகோ சர்ஜன் ஜான் மர்ஃபி நூறு வருஷத்துக்கு முன்பே வெறும் கையால் செய்த சோதனையின் வாரிசு இது. விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை இழுக்கச் சொல்வார். வலியில் மூச்சு பாதியில் நின்றால் பித்தப்பைமேல் சந்தேகம்.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களும் பிலிருபினும் பேசும். நாளத்தில் கல் மாட்டியிருக்குமோ என்று தோன்றினால், பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ வகையான எம்ஆர்சிபி. அதைவிட எனக்குப் பிடித்தது ஹைடா ஸ்கேன். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில் ஏற்ற, கல்லீரல் அதை வாங்கிப் பித்தத்தோடு அனுப்ப, அதன் பயணத்தைக் கேமரா படம்பிடிக்கிறது. குடல்வரை மருந்து போயும் பித்தப்பை மட்டும் நிரம்பவே இல்லையென்றால், அதன் வாசலில் அடைப்பு!

சாப்பிட்டதும் வலது மேல்வயிற்றில் பிடித்து, தோள்பட்டைவரை இழுக்கும் வலியை 'வாயு' என்று சோடா குடித்துத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பே நாள் குறித்துப் போகும் ஸ்கேன் என்றால், ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறு. பால் காப்பிகூட வேண்டாம். அதில் உள்ள கொழுப்பு போதும், பித்தப்பை சுருங்கிவிடும்.