பென்டிரைவுக்குள் தேயும் வாசல்

“வீட்டுக் கேமராவின் பேஸ் ஸ்டேஷனில் 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகி வைத்திருந்தேன். எட்டு மாதம் ஆயிற்று. வாசலில் நிறுத்திய வண்டி காணாமல் போன அன்று எடுத்துப் பார்த்தால் பதிவு எதுவும் இல்லை. செல்போனில் நேரலை மட்டும் தெளிவாக ஓடுகிறது. பென்டிரைவ் போலியா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போலியாகவும் இருக்கலாம். 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு கணினியிடம் 64 என்று பொய் சொல்லும் பென்டிரைவ்கள் சந்தையில் உண்டு. ஆனால் அசல் பென்டிரைவுக்கும் இதே கதி நேரும். அதற்கான காரணம் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில், வாசகரின் முடிவு சரியான முடிவு. மாதச் சந்தா கட்டி வீட்டுக் காட்சிகளை வேறொருவர் சர்வரில் வைப்பதைவிட வீட்டுக்குள் வைப்பதே மேல். ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்க்க முடிந்தது என்ற வழக்கில், அமேசானின் ரிங் கேமரா நிறுவனம் 2023-ல் 58 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார் வாசகர். தவறியது பாத்திரம்.

பென்டிரைவில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் எலெக்ட்ரான்களை அடைத்து வைக்கும் ஓர் அறை. அதற்குக் கதவு இல்லை, ஜன்னல் இல்லை. சுற்றிலும் மின்சாரம் கடத்தாத சுவர். அந்தச் சுவரின் தடிமன் பத்து நானோமீட்டருக்கும் குறைவு. சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான் சுவரை உடைக்காமல், ஏறிக் குதிக்காமல், அந்தப் பக்கம் போய் நிற்கிறது. இதுதான் குவாண்டம் டனலிங். கரும்பலகையில் சமன்பாடாக மட்டும் பார்த்த இந்த விந்தை, நம் வீட்டு ஷோகேஸ் மேல் இருக்கும் பென்டிரைவில் நொடிக்குப் பல லட்சம் செல்களில் நடக்கிறது. பிறகு கரண்ட் போனாலும் உள்ளே போன எலெக்ட்ரான் உள்ளேயே இருக்கும்.

எழுதுவது இவ்வளவு எளிது. அழிப்பதில்தான் வில்லங்கம்.

மண் வாசலில் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போகலாம். ஆனால் ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் வாசல் முழுவதையும் தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைப்போம். பென்டிரைவில் அந்த ‘வாசல்’ பல மெகாபைட் அகலம். அதில் காப்பாற்ற வேண்டிய வேறு கோலமும் இருந்தால், அதை முதலில் அடுத்த வீட்டு வாசலில் அப்படியே போட்டுவிட்டு இதைக் கழுவ வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் மண் கரைகிறது. எலெக்ட்ரான் போய்வரும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய சுவரில் குறைகள் சேர்வதும் இப்படித்தான்.

ஒரே வாசலைக் கழுவிக்கொண்டிருந்தால் அது சீக்கிரம் பள்ளமாகிவிடும். அதனால் தெருவில் உள்ள வாசல்களில் மாற்றி மாற்றிக் கோலம் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ள பென்டிரைவுக்குள் ஒரு கன்ட்ரோலர் சிப் இருக்கிறது. எஸ்எஸ்டியில் இந்த நோட்டு பெரியது, கணக்கு நுணுக்கமானது. மலிவான பென்டிரைவில் நோட்டு சின்னது. வாசல் வாசலாகத்தான் கணக்கு வைக்கத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. விலை குறைய வேண்டும் என்பதற்காக, ஒரு புள்ளியில் மாவு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு மாவு என்று எட்டு மட்டமாகப் பிரித்து ஒரே செல்லில் மூன்று பிட் வைக்கிறார்கள். எறும்பு நாலு துணுக்கு இழுத்துக்கொண்டு போனாலும் மட்டம் மாறிவிடும். தேய்ந்த வாசலில் எறும்புப் புற்று அதிகம். சுவர் பழுதான செல்லில் எலெக்ட்ரான் கசிவதும் அதிகம். வெயில் ஏற ஏறக் கசிவு இன்னும் கூடும். செல்லுக்கு ஒரு பிட் வைத்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் முறை அழித்து எழுத முடிந்தது. மூன்று பிட் என்றானதும் அது ஆயிரம், மூவாயிரம் என்று இறங்கிவிட்டது.

வரலாறு சுருக்கமாக. பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ இருவரும் 1967-ல் இந்த அறையை வடிவமைத்தார்கள். தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984-ல் மொத்தமாக அழிக்கும் நினைவகத்தை அறிவித்தார். அது அழியும் வேகம் கேமரா ஃப்ளாஷை நினைவூட்டியதால் உடன் பணியாற்றியவர் ‘ஃப்ளாஷ்’ என்று பெயர் வைத்தார். அவ்வளவு போதும்.

இப்போது வாசகரின் கணக்கு. முழு எச்டி கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 21.6 ஜிபி. 64 ஜிபி மூன்று நாளில் நிரம்பி, பழையதன்மேல் புதியது ஏறத் தொடங்கும். வருடத்துக்கு 120 சுற்று. ஆயிரம் சுற்று தாங்கும் என்றால் எட்டு வருடம் வர வேண்டும். பென்டிரைவ் வரும் அட்டையில் வாக்குறுதி அச்சிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

ஆனால் கேமரா காட்சியைத் துணுக்குத் துணுக்காக எழுதுகிறது. எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையையும் அடிக்கடி திருத்துகிறது. ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் ஒரு வாசலையே பெயர்த்தெழுத நேர்ந்தால், கேமரா எழுதியதைப்போல் பன்னிரண்டு மடங்குகூட பென்டிரைவுக்குள் எழுதப்படலாம். எட்டு வருடம் எட்டே மாதமாகச் சுருங்குவது அங்கேதான். நோட்டில் குறிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் கோலங்கள் அப்படியே இருந்தும் எது எங்கே என்று தெரியாமல் போகும். நேரலைக்கும் பென்டிரைவுக்கும் சம்பந்தமில்லை என்பதால் செல்போன் திரை எதையும் காட்டிக்கொடுக்காது.

‘லைஃப்டைம் வாரன்டி’ என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். தொடர் வீடியோ பதிவுக்கு இது பொருந்தாது என்று சில உத்தரவாதச் சீட்டுகளிலேயே பொடி எழுத்தில் இருக்கும். அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி கேமராவை மாற்றினாலே தேய்மானம் பெருமளவு குறையும். 24 மணி நேரமும் பதிந்தே ஆக வேண்டுமென்றால் கருவி ஏற்கும்பட்சத்தில் யுஎஸ்பி எஸ்எஸ்டியோ, கண்காணிப்புக்கென்றே செய்த ஹார்ட் டிஸ்கோ போடுங்கள். மெமரி கார்டுதான் வழி என்றால் ‘ஹை என்டியூரன்ஸ்’ வகையாகப் பார்த்து வாங்குங்கள். பேஸ் ஸ்டேஷனை ரூட்டரோடு சேர்த்துச் சின்ன யுபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள்.

வாசகருக்கு என் பதில்: உங்கள் பென்டிரைவ் பெரும்பாலும் போலியல்ல, தேய்ந்து போனது. மற்றவர்கள் இன்று மாலையே செல்போனில் நேரலையை மூடிவிட்டு, நேற்றைய பதிவையும் சேமிப்பில் இருப்பதிலேயே பழைய பதிவையும் திறந்து, இரண்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.