வாட்பிடிக்கு ஏற்ற தோல்

வாளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அலகைப் பற்றியே பேசுவர். எஃகின் தரம், கூர்மை, வளைவு ஆகியவற்றுக்குக் கிடைக்கும் மதிப்பு, கைப்பிடியைச் சுற்றியுள்ள தோலுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் மனிதனுடைய கை தொடுவது எஃகை அன்று, அந்தத் தோலையே. பிடி வழுக்குமானால் நல்ல அலகும் பயனற்றுப் போகும். பிடித்தவருக்கும் எதிரே நிற்பவருக்கும் தீங்கு விளையும்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருக்கு வாள் அயலான பொருள் அன்று. ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டிப் பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறும் சடங்கு நிகழ்கின்றது. அவ்வாள் முன்செல்ல, பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் வந்து சேர்கின்றனர். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அரண்மனை இருக்கும் ஊர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அரண்மனையோ கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றது. எல்லை மாறியும் வாள் செல்லும் வழி மாறவில்லை.

அதே 1956 இல் திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் சி.வி.என். களரி எழுந்தது. அங்கே வாள் நாள்தோறும் பயிற்சிக்கு உரிய கருவி. களரிப் பயிற்சியில் உடம்பில் எண்ணெய் பூசுதல் மரபு. எண்ணெயும் வியர்வையும் கலந்த கையில் வாள் நிலைக்க வேண்டுமானால், பிடியின் மேற்பரப்பு எத்தகையது என்பது சிறிய கேள்வி அன்று.

ஆகவே வாள்கள் இருவகைப்படும். பேணிக் காக்கப்படுவது ஒன்று. கையாளப்பட்டுத் தேய்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் ஒரே தோல் பொருந்துமா என்பதே நாம் ஆராய வேண்டியது.

தோல் வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது, "இது ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா?" என்பதாகும். அதனினும் முதன்மையான கேள்வி, "இது எவ்வாறு பதனிடப்பட்டது?" என்பதே. பச்சைத்தோல் அழுகும் இயல்புடையது. அதனை அழுகாத பொருளாக மாற்றுவதே பதனிடுதல். அதற்கு இன்று பெருவழக்கில் உள்ள முறைகள் இரண்டு. மரப்பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சத்தில் பல நாட்கள் ஊறவைப்பது ஒன்று. குரோமிய உப்புக்களால் மிகக் குறுகிய காலத்தில் முடிப்பது மற்றொன்று. பின்னதைச் சென்னையில் வேரூன்றச் செய்ய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர்.

பட்டைத்தோல் நீரை உறிஞ்சும். நனைந்தபோது விரல் அழுத்திய வடிவத்தை ஏற்கும். உலரும்போது சுருங்கி, அடியில் உள்ள மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். குரோம் தோல் மென்மையானது, நீருக்கு எளிதில் இடங்கொடாதது. ஆனால் வடிவத்தைப் பிடித்துவைக்காது. நனைத்து இழுத்துக் கட்டினாலும் உலர்ந்தபின் தளர்ந்துவிடும். செருப்புக்கும் கைப்பைக்கும் அது சிறப்புடையதாகலாம். வாட்பிடிக்கு ஏற்றது பட்டைத்தோலே.

இரண்டையும் பிரித்தறிவது கடினம் அன்று. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். சாயம் ஊறாத குரோம் தோலின் உட்புறம் நீலச்சாம்பல் நிறம் காட்டும். பட்டைத்தோல் பழுப்பாக இருக்கும். ஒரு துளி நீர் இட்டால் பட்டைத்தோல் கறுத்து உறிஞ்சிக்கொள்ளும். சிறு துண்டைக் கொதிநீரில் இட்டால் பட்டைத்தோல் சுருண்டு விறைக்கும். நன்கு பதனிட்ட குரோம் தோல் பெரும்பாலும் தாங்கி நிற்கும்.

பட்டைப் பதனிடுதலில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. ஆவாரம்பட்டையிலும் கொன்றைப்பட்டையிலும் ஊறவைத்து, கடுக்காய் நீரில் தோய்த்து, புங்க எண்ணெய் தடவிய ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் "கிழக்கிந்தியத் தோல்" என்ற பெயரில் கடல் கடந்து சென்றன. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு ஆகிய ஊர்களில் இத்தொழில் வளர்ந்தது. பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரத்துப் பட்டை பெரிதும் பிடித்துக்கொண்டது.

ஆனால் நம்முடையது என்பதற்காக ஒரு குறையை மறைத்தல் ஆகாது. நூல்களின் தோலட்டைகள் ஏன் செந்தூளாக உதிர்கின்றன என்பதை ஆராய 1900 ஆம் ஆண்டில் லண்டன் கலைச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. சுமாக் என்னும் செடியின் இலையால் பதனிட்ட தோல் நெடுங்காலம் நிற்பதையும், ஆவாரம்பட்டைத் தோல் விரைவில் கெடுவதையும் அக்குழு கண்டது. காரணம் துவர்ப்புச் சத்தின் வகையில் உள்ளது. ஆவாரை, வாட்டில் ஆகியவற்றின் சத்து ஒருவகை. சுமாக், கடுக்காய் ஆகியவற்றின் சத்து மற்றொருவகை. முன்னது, புகையும் கந்தக வாயுவும் கலந்த காற்றில் அமிலம் ஏற்று எளிதில் சிதையும். பின்னது அதனைப் பெரிதும் தாங்கும்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முடிவு தெளிவானது. பயிற்சி வாளின் பிடித்தோல் சில ஆண்டுகளில் வியர்வையால் தேய்ந்து மாற்றப்படுவதே. அதற்கு ஆவாரை அல்லது வாட்டில் பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் மிகவும் போதுமானது. தலைமுறைகளுக்குக் காக்க வேண்டிய வாளுக்கோ, கடுக்காய் அல்லது சுமாக் போன்ற சத்தால் பதனிட்ட தோலையே கேட்டுப் பெறுதல் வேண்டும். பழைய வாளில் முன்பே இருக்கும் தோல் கிழிந்திருந்தாலும் அதனைப் பிய்த்தெறிய வேண்டாம். அதுவும் வரலாற்றுச் சான்று. பழம்பொருள் காப்பில் பயின்றவரிடம் காட்டியபின் முடிவு செய்வதே அறிவுடைமை.

கடலை அடுத்து வாழ்வோருக்கு மற்றொரு எண்ணம் எழலாம். ஜப்பானிய வாள்களிலும் ஐரோப்பிய அதிகாரிகளின் வாள்களிலும் திருக்கைமீன் தோல் சுற்றப்பட்டது. அதன் மணிமணியான பரப்பு ஈரக்கையிலும் வழுக்காது. விழிஞ்ஞத்தில் திருக்கை கரையேறுவதைக் கண்டவர் அதனை வாங்க விரும்பக்கூடும். ஆனால் ஆயுதப் பிடிகளுக்குப் பண்டு பெயர்பெற்ற முட்திருக்கை, 2001 ஆம் ஆண்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேறு சில திருக்கைகளும் அவ்வாறே காக்கப்படுகின்றன. உரித்த தோலைக் கண்டு இனத்தை உறுதி செய்வது எல்லோராலும் இயலாது. ஆகவே அவ்வழியை விடுவதே நன்று.

ஆட்டுத்தோலில் முதுகுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வயிற்றுப் பகுதி இழுபட்டுத் தளரும். ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த கனம் போதும். வாளை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்ல வேண்டுவதில்லை. 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வாளையும் தழுவியது என்பதை நினைவிற் கொள்க. பிடியின் நீளத்தையும், மேல், நடு, கீழ்ச் சுற்றளவுகளையும் காகிதத்தில் வெட்டி அனுப்பினால், சென்னைப் பெரியமேட்டிலோ திண்டுக்கல்லிலோ உள்ள தோல் வணிகரிடம் தோலை வரவழைக்கலாம். எந்தப் பட்டையில் பதனிட்டது என்பதை எழுத்தில் கேட்பது நலம்.

சுற்றும் முறை எளிது. இரும்புத் தண்டின்மேல் மரப்பிடி இருத்தல் வேண்டும். ஈரமான பட்டைத்தோல் இரும்பைத் தொட்டால் துவர்ப்பும் இரும்பும் கூடி மைபோல் கறுக்கும். மரத்தின்மேல் நூற்கயிற்றை இடைவெளிவிட்டுச் சுற்றினால் விரல்களுக்குப் பிடிமானம் கிட்டும். தோலின் ஓரங்களைச் சீவி மெல்லியதாக்கி, நனைத்து, வச்சிரப்பசை தடவிப் போர்த்துங்கள். இணைப்பு உள்ளங்கையின் நடுவே அமையாதிருக்கட்டும். மேலே கயிற்றால் இறுகக் கட்டி, வெயிலில் வையாது நிழலில் இரண்டொரு நாள் உலர்த்துங்கள்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் திருவனந்தபுரத்தில் தோலுக்கு முதற்பகை பூஞ்சை. காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, உலர்ந்த துணியால் அடிக்கடி துடைப்பதே சிறந்த மருந்து. எண்ணெயை அள்ளிப் பூசுதல் கூடாது. பித்தளைக் கம்பி இருந்தால் அதில் பச்சைக் களிம்பு ஏறும்.

இறுதியாக ஒன்று. தோலைத் தொட்டுப் பதனிட்டவரைச் சமூகம் நெடுங்காலம் எட்ட நிறுத்தியது. அவர் பதனிட்ட தோலைப் பற்றியே வீரன் வாளேந்தினான். குரோமியக் கழிவு பாலாற்றங்கரை மக்களின் நிலத்தையும் நீரையும் கெடுத்த துயரத்தை 1996 இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. பட்டைத் தொழிலின் கழிவுநீரும் தூய்மை செய்யப்பட வேண்டியதே. ஆகவே தோல் வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், எவ்வாறு பதனிடப்பட்டது என்றும், கழிவுநீர் எங்கே செல்கின்றது என்றும் கேட்போமாக. நல்ல பிடி அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றது.