தங்க விலை வரைபடப் பகுப்பாய்வு

தங்க விலை வரைபடப் பகுப்பாய்வு என்பது தங்கத்தின் கடந்தகால விலைகளை வரைபடமாக்கி, அவற்றில் காணப்படும் போக்குகளைக் கொண்டு எதிர்கால விலையை மதிப்பிட முயலும் முறையாகும். இது நுட்பப் பகுப்பாய்வின் ஒரு பிரிவு. உற்பத்தி, தேவை, வட்டி வீதம் முதலியவற்றை ஆராயும் அடிப்படைப் பகுப்பாய்வு இதனின்றும் வேறானது. பெரும்பாலான நீண்டகால வரைபடங்கள் டாலரில் அமைந்தவை. ஆகவே ரூபாயில் தங்கம் வாங்குவோர்க்கு அவை முழுமையான வழிகாட்டி அல்ல.

முக்கியக் கருவிகள்

மடக்கை அளவுகோல்: நீண்டகால வரைபடத்தில் விலை மடக்கை அளவுகோலில் குறிக்கப்படும். அவுன்சு 35 டாலரிலிருந்து 70 டாலராவதும், 1,000 டாலரிலிருந்து 2,000 டாலராவதும் இதில் ஒரே உயரமாகத் தோன்றும்.

நகரும் சராசரி: அண்மைய 200 நாள் விலைகளின் சராசரி நாள்தோறும் கணிக்கப்பட்டுக் கோடாக வரையப்படும். விலை இக்கோட்டிற்கு மேல் நிலைத்தால் ஏறுமுகம் எனக் கொள்வர்.

எதிர்ப்பு நிலை: விலை மீண்டும் மீண்டும் ஏறித் திரும்பும் மட்டம். 2020 ஆகஸ்டு, 2022 மார்ச்சு, 2023 மே ஆகிய மும்முறையும் தங்கம் 2,070 டாலரை ஒட்டித் திரும்பியது. 2024 மார்ச்சில் அம்மட்டத்தை நிலையாகக் கடந்தபின், 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது.

டாலர் விலையும் ரூபாய் விலையும்

1971 ஆகஸ்டில் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்திற்கும் இருந்த பிணைப்பை நீக்கியது. அதன்பின் உயர்ந்த விலை, 1980 சனவரியில் 850 டாலரை எட்டியது. அவ்வேற்றம் தொடரும் எனக் கணித்தோர் ஏமாந்தனர். அதே விலை மீண்டும் வர 2008 சனவரி வரை 28 ஆண்டுகள் ஆயின. ஆனால் இக்காலத்தில் டாலரின் மதிப்பு ஏறத்தாழ 8 ரூபாயிலிருந்து 39 ரூபாயாக உயர்ந்தது. எனவே டாலர் வரைபடத்தில் எவ்வித ஆதாயமும் காட்டாத அக்காலம், ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ ஐந்து மடங்கு உயர்வைக் காட்டும்.

சென்னையில் நகை வணிகர் சங்கம் அறிவிக்கும் விலையையே வானகரம், பூந்தமல்லி, அம்பத்தூர் முதலிய புறநகர்க் கடைகளும் பின்பற்றுகின்றன. இவ்விலையில் உலக விலை, டாலர் மதிப்பு, இறக்குமதி வரி ஆகிய மூன்றும் அடங்கும். எடுத்துக்காட்டாக, அவுன்சு (31.1 கிராம்) 2,000 டாலர், ஒரு டாலர் 83 ரூபாய் எனக் கொண்டால், 22 காரட் சவரன் (8 கிராம்) வரியின்றி ஏறத்தாழ 39,100 ரூபாயாகும். 15 விழுக்காடு வரியுடன் அது ஏறத்தாழ 45,000 ரூபாய். 6 விழுக்காடு வரியுடன் 41,500 ரூபாய்.

வரம்புகள்

2024 சூலை 23 அன்று நடுவண் அரசு தங்க இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தது. அன்று சென்னையில் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கும் மேல் விலை சரிந்தது. அரசு முடிவால் நேர்ந்த இச்சரிவைக் கடந்தகால விலைக்கோடு எதுவும் முன்னறிவித்திருக்க இயலாது. கடந்தகால விலைகள் யாவும் நடப்பு விலையில் ஏற்கெனவே அடங்கிவிட்டன என்னும் திறன்மிகு சந்தைக் கோட்பாடும் இம்முறையை ஏற்பதில்லை. ஆகவே, வரைபடம் விலையின் போக்கை விளக்க உதவும். திருமணம் போன்ற தேவைக்குரிய நாளில் விலை எவ்வளவாக இருக்கும் என்பதற்கு அது உறுதி தராது.