கோப்பு போவதில்லை, அனுமதிதான் போகிறது

1970களில் யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தபோது ஒரே கணினியைப் பல பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு மாணவர் எழுதி வைத்ததை இன்னொருவர் புரட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் ஆளுக்கொரு எண் கொடுத்து, ஒவ்வொரு கோப்பின் மேலும் உரியவரின் எண்ணைக் குறித்துவைத்தார்கள். அதே ஏற்பாடு இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் போனைப் பயன்படுத்துவது ஒரே ஆள்தானே, அந்த எண்களெல்லாம் யாருக்கு? ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் அவற்றைச் செயலிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாம் நிறுவும் ஒவ்வொரு செயலிக்கும் 10,000-இல் தொடங்கும் வரிசையிலிருந்து ஒரு பயனர் எண் கிடைக்கிறது. அடியில் ஓடும் லினக்ஸின் கண்ணுக்கு வாட்ஸ்அப் ஓர் ஆள், ஜிமெயில் வேறோர் ஆள், உங்கள் வங்கிச் செயலி மூன்றாவது ஆள். ஒருவர் வைத்திருப்பதை மற்றவர் தொட முடியாது.

அப்படியானால் வாட்ஸ்அப்பில் வந்த ரயில் டிக்கெட்டை வேறொரு செயலியில் எப்படித் திறக்கிறோம்?

வாட்ஸ்அப் அந்தச் செயலியோடு நேரடியாகப் பேசுவதே இல்லை. "இதைப் பார்க்க வேண்டும், இது பி.டி.எஃப்" என்று ஒரு குறிப்பை ஆண்ட்ராய்டிடம் தருகிறது. இந்தக் குறிப்புக்கு இன்டென்ட் என்று பெயர். எந்தச் செயலி எந்த வகைக் கோப்பைத் திறக்கும் என்ற பட்டியல், நிறுவிய நாளிலிருந்தே ஆண்ட்ராய்டின் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் "எதில் திறக்கலாம்?" என்று நம்மைக் கேட்கிறது. கோப்பின் வகையைச் சொல்லும் முறைகூட இதற்கென்று பிறந்ததல்ல. மின்னஞ்சலோடு இணைத்து அனுப்புவது படமா, பாட்டா என்று மறுமுனைக்குச் சொல்வதற்காக நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் 1992-இல் வகுத்த 'மைம்' முறை அது.

குறிப்போடு ஒரு முகவரியும் போகும். முன்பெல்லாம் அது கோப்பு இருக்கும் இடத்தின் நேரடிப் பாதையாக இருக்கலாம். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கேற்ப எழுதப்பட்ட செயலி நேரடிப் பாதையை வெளியே அனுப்ப முயன்றால் அங்கேயே நிறுத்தப்படும். இப்போது போவது 'கன்டென்ட்' என்று தொடங்கும் வேறு வகை முகவரி. கோயில் வாசலில் செருப்பை விட்டால் தரும் டோக்கன் மாதிரி: அதில் எண் உண்டு, எந்த அடுக்கில் எந்த மூலையில் இருக்கிறது என்ற விவரம் கிடையாது. டோக்கனை நீட்டினால் எடுத்துத் தர வேண்டியது கொடுத்தவரின் பொறுப்பு.

பி.டி.எஃப் செயலி அந்த முகவரியை நீட்டியதும், இந்தப் பயனர் எண்ணுக்கு இதைப் படிக்க வாட்ஸ்அப் அனுமதி தந்திருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு சரிபார்க்கிறது. இதற்குள் நினைவகத்திலிருந்து வாட்ஸ்அப் நீக்கப்பட்டிருந்தால், திரையில் ஒன்றும் காட்டாமல் அதைப் பின்னணியில் எழுப்புகிறது. கோப்பைத் திறப்பது வாட்ஸ்அப்தான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் கோப்பு திறக்கப்பட்டதும் திறந்தவருக்கு ஒரு சின்ன எண் கிடைக்கும், 57 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை அப்படியே இன்னொரு செயலியிடம் சொல்வதில் பயனில்லை, ஏனெனில் அவரவர் எண்கள் அவரவருக்குள் மட்டுமே செல்லும். இங்கேதான் பைண்டர் என்ற பகுதி குறுக்கே வருகிறது. கெர்னலுக்குள் இருக்கும் அது, திறந்த நிலையிலிருக்கும் அதே கோப்பைப் பெறுபவரின் கணக்கில் சேர்த்து, அவருக்கென்று புதிதாக ஒரு எண் தருகிறது. அங்கே 57, இங்கே 112. இரண்டும் சுட்டுவது ஒன்றையே. பி.டி.எஃப் செயலிக்குக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது, தெரியாமலே படித்து முடித்துவிடும். நம் கண்ணில் படாமலே இவ்வளவும் நடந்துவிடுகிறது. கணினி உலகில் எனக்கு மிகப் பிடித்த ஒப்படைப்பு இது.

ஆனால் கண்ணில் படாத இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. முகவரியில் கோப்பின் பெயரோ அதன் வால்பகுதியோ இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மலையேறுபவர்கள் நடந்த பாதையைப் பதிவுசெய்யும் ஜி.பி.எக்ஸ் போன்ற கோப்புகளை, 'ஏதோ பைட்டுகள்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாத பொதுவகை முத்திரையோடு அனுப்பிவிடும் செயலிகள் உண்டு. அப்போது அதைத் திறக்கத் தெரிந்த செயலி போனில் இருந்தும் பட்டியலில் வராது. பெயரைக் கேட்டால் அனுப்பியவர் சொல்வதுதான் பெயர். அவர் பொய் சொன்னால்? 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'டர்ட்டி ஸ்ட்ரீம்' என்ற ஓட்டை இதைப் பற்றியதுதான். கோப்புப் பாதையில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால் 'ஒரு படி மேலே போ' என்று பொருள். தீய நோக்கமுள்ள செயலி அதைப் பெயருக்குள்ளேயே நுழைத்துக் கோப்பை அனுப்புகிறது. பெறுபவர் அந்தப் பெயரை நம்பிச் சேமித்தால், கோப்பு தற்காலிக இடத்துக்குப் பதிலாக அவருடைய அமைப்புக் கோப்பின் மேலேயே போய் உட்காரும். இதற்கு நம் விரல் தொட வேண்டிய தேவைகூட இல்லை. இதில் சிக்கியவற்றில் ஷாவ்மியின் கோப்பு மேலாளரும் டபிள்யு.பி.எஸ் ஆபிஸும் இருந்தன; ஓட்டையுள்ளதாகக் கண்டறிந்த செயலிகளின் மொத்த நிறுவல் 400 கோடிக்கும் மேல் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். குறிப்பிட்ட அந்த இரண்டும் பின்னர் சரிசெய்யப்பட்டன.

ஐபோன் வேறு வழியில் போகிறது. கோப்பு வகைகளை ஆப்பிள் ஒரு குடும்ப மரமாக வைத்திருக்கிறது: ஜே.பி.ஈ.ஜி என்பது படம், படம் என்பது தரவு. 2005-இல் மேக் கணினிகளுக்காக வந்த ஏற்பாடு இது. இன்னொரு செயலியிடமிருந்து கோப்பு வரும்போது, பெறும் செயலியின் 'இன்பாக்ஸ்' அடைவில் ஐபோன் ஒரு நகலைப் போட்டுவிடலாம். அந்த அடைவில் இருப்பதைப் படிக்கலாம், நீக்கலாம், ஆனால் எழுத முடியாது. அல்லது கோப்பை அது இருக்கும் இடத்திலேயே திறக்க விடலாம். அப்போது "தொடங்குகிறேன்" என்று சொல்லி வாங்கிய அனுமதியை "முடித்துவிட்டேன்" என்று சொல்லித் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தராமலே சேர்த்துக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் புதிய அனுமதி எதுவும் கிடைக்காது. செயலியை மூடித் திறந்தால்தான் உண்டு.

இந்த இரண்டு மனோபாவங்களுக்கும் நடுவில் நிற்பவர்கள் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகளில் எழுதுபவர்கள். ஒருமுறை எழுதினால் இரண்டு போன்களிலும் ஓடும் என்பதுதான் இவற்றின் வாக்குறுதி. திரையில் பொத்தான் வரைவதற்கு அது பெரும்பாலும் உண்மை. வெளியிலிருந்து கோப்பு வரும் இடத்தில் வாக்குறுதி தளர்ந்துவிடுகிறது. எந்த வகைக் கோப்பை ஏற்போம் என்பதை ஆண்ட்ராய்டுக்குத் தனியாக, ஐபோனுக்குத் தனியாக அறிவித்தே ஆக வேண்டும்.

அதைவிடச் சுவையான சிக்கல், நேரம். செயலி மூடியிருக்கும்போது கோப்பைத் தொட்டால் இயங்குதளம் முதலில் எழுப்புவது அதன் அடித்தளப் பகுதியை. இந்தக் கருவிகளின் மொழிகளான டார்ட்டிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ எழுதிய மேல்பகுதி அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். அந்த நொடியில் "கோப்பு வந்திருக்கிறது" என்று கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. அதனால் அடித்தளம் செய்தியைப் பிடித்துவைத்திருக்க, மேல்பகுதி கண்விழித்ததும் "எனக்கு ஏதாவது வந்ததா?" என்று கேட்க வேண்டும். செயலி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ்: அடித்தளம் சொல்லும், மேல்பகுதி காது கொடுக்கும். இரண்டு வழியையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, தன் மேஜையில் எப்போதும் திறந்தே கிடக்கும் செயலியில் சோதித்துப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப்போகும் நிரலாளர் ஏராளம். நாம் டிக்கெட்டைத் தொட்டதும் வெற்று முகப்புத் திரை வந்து நிற்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சமீபத்தில் பயன்படுத்திய செயலிகளின் வரிசையிலிருந்து நேற்றைய செயலியைத் தொட்டால், நேற்றைய இன்டென்டே மறுபடி வரக்கூடும். முகவரி அதேதான். ஆனால் அதோடு வந்த அனுமதி, பெற்ற திரை மூடியதோடு காலாவதியாகியிருக்கும். கவனிக்காத செயலி திறந்த வேகத்தில் விழுந்துவிடும்.

அனுபவப்பட்டவர்கள் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: அனுமதி கையில் இருக்கும்போதே கோப்பை முழுதாகப் படித்து, பெயரைத் தானே வைத்து, தன் சொந்த இடத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்வது. அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நகலில் நாம் திருத்தியது மூலக் கோப்பில் தெரியாமல் போவதும், ஒரே ரயில் டிக்கெட் வாட்ஸ்அப்பில் ஒன்று, பி.டி.எஃப் செயலியில் ஒன்று, பயணச் செயலியில் இன்னொன்று என்று போனின் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும் அந்தப் பதிலால்தான்.