பணிச்சோர்வும் அதிலிருந்து மீளுதலும்

பணிச்சோர்வு என்பது, பணியிடத்தில் நீண்டகாலம் தொடரும் மன அழுத்தம் உரிய முறையில் கையாளப்படாமல் போவதால் உண்டாகும் நலிவு நிலையாகும். ஆங்கிலத்தில் இது ‘பர்ன் அவுட்’ எனப்படுகிறது. எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கருகி அணைந்துபோவதைப் போன்ற நிலையை இச்சொல் குறிக்கிறது. ஆசிரியர், செவிலியர், மருத்துவர், காவலர், தகவல் தொழில்நுட்ப ஊழியர், வங்கி ஊழியர் எனப் பல துறையினரிடமும் இது காணப்படுகிறது. ஒரு நாள் உறக்கத்தாலோ ஒரு வாரச் சுற்றுலாவாலோ இது தீர்வதில்லை. அதனால் இதிலிருந்து மீளும் வழியைச் சாதாரணக் களைப்பைப் போக்கும் வழியிலிருந்து பிரித்து அறிவது அவசியமாகும்.

வரலாறு

1960இல் வெளிவந்த கிரகாம் கிரீனின் ‘எ பர்ன்ட்-அவுட் கேஸ்’ என்ற புதினம், தன் தொழிலில் பற்றிழந்து காங்கோவிலுள்ள தொழுநோய் இல்லம் ஒன்றை நாடிச் செல்லும் கட்டடக்கலைஞரைப் பற்றியது. எனினும், உளவியல் துறையில் இச்சொல்லை நிலைநாட்டியவர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் (1926 - 1999) ஆவார். நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் உழைத்த தொண்டர்கள், தொடக்கத்தில் பேரார்வத்துடன் வந்து, பின்னர் களைத்து, எரிச்சலுற்று, நோயாளிகள் மீதே பற்றின்றிப் போவதை அவர் கண்டார். அந்நிலையைத் தாமே அனுபவித்தவர் அவர். இதைப் பற்றி 1974இல் அவர் எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் இணைந்து 1981இல் 22 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். மாஸ்லாக் அளவுகோல் எனப்படும் இது இன்றும் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுகிறது.

உலக சுகாதார அமைப்பு, 2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தனது 11ஆவது பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைச் சேர்த்துள்ளது. ஆனால் அதில் இது ஒரு நோயாக அன்றி, ‘தொழில்சார் நிகழ்வு’ என்றே குறிக்கப்பட்டுள்ளது. பணி தொடர்பான சூழலுக்கு மட்டுமே இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்றும் அவ்வமைப்பு வரையறுத்துள்ளது.

மூன்று கூறுகள்

பணிச்சோர்வு மூன்று கூறுகளைக் கொண்டது.

1. ஆற்றல் வறட்சி: காலையில் எழும்போதே களைப்பு இருத்தல், வேலையை நினைத்தாலே உடல் கனத்தல்.
2. பணியிலிருந்து மனம் விலகுதல்: வேலையின் மீதும், அதில் எதிர்ப்படும் மனிதர்கள் மீதும் கசப்பும் அலட்சியமும் தோன்றுதல். மாணவரைப் பெயரால் அறிந்திருந்த ஆசிரியர் அவரை வரிசை எண்ணாக மட்டும் பார்க்கத் தொடங்குவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.
3. செயல்திறன் குறைவு: செய்யும் வேலையால் பயனில்லை என்ற எண்ணம், கவனச் சிதறல், மறதி, எளிய பணிகளிலும் தவறு நேர்தல்.

முதல் கூறு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் களைப்பே. மூன்றும் சேர்ந்து பல மாதங்கள் தொடரும்போது பணிச்சோர்வு என ஐயுறலாம்.

பிற நிலைகளிலிருந்து வேறுபாடு

பணிச்சோர்வையும் மனச்சோர்வு நோயையும் பிரித்தறிவது மருத்துவருக்கே சில வேளைகளில் கடினமாகும். பொதுவாக, பணிச்சோர்வு வேலையைச் சுற்றியே தொடங்குகிறது. விடுமுறை நாளில் பேரக்குழந்தையுடன் விளையாடும்போதோ பாட்டுக் கேட்கும்போதோ மகிழ்ச்சி திரும்புகிறது. மனச்சோர்வு நோயில் வாழ்வின் எல்லாப் பகுதிகளிலும் மகிழ்ச்சி வற்றிவிடுகிறது. கவனிக்கப்படாத பணிச்சோர்வுடன் மனச்சோர்வு நோயும் சேர்ந்துகொள்வது உண்டு.

உடல்நோய்களும் இதே அறிகுறிகளைக் காட்டலாம். இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே, ‘வேலை அதிகம், அதனால் அசதி’ என்று தாமாகவே முடிவு செய்யாமல், முதலில் எளிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.

காரணங்கள்

மாஸ்லாக்கும் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் மைக்கேல் லைட்டரும் பணியாளருக்கும் பணிக்கும் இடையே ஆறு இடங்களில் பொருத்தமின்மை தோன்றுவதைக் காரணமாகக் கூறுகின்றனர். அவை: வேலைப் பளு, வேலையைத் தீர்மானிக்கும் உரிமை, ஊதியமும் பாராட்டும், உடன் பணிபுரிவோருடனான உறவு, நியாயமான நடத்தை, விழுமியங்கள்.

வேலைப் பளு இவற்றில் ஒன்று மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. நாளெல்லாம் உழைத்தும் நிறைவுடன் வீடு திரும்புவோர் உண்டு. குறைந்த வேலையிலும், சொல்லுக்கு மதிப்பின்றியும் பாரபட்சத்துக்கு உள்ளாகியும் நொந்துபோவோரும் உண்டு. கற்பித்தலில் களைக்காத ஆசிரியர், ஓயாத புள்ளிவிவரப் படிவங்களாலும் பதிவேற்றப் பணிகளாலும் களைத்துப்போவது இவ்வகையைச் சேர்ந்தது.

வீட்டுச் சுமையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பணிக்குச் செல்லும் பெண் மாலையில் வீடு திரும்பியதும் சமையல், பிள்ளைகளின் படிப்பு, முதியோர் பராமரிப்பு என இரண்டாம் வேலையைத் தொடங்குகிறார். பகலில் செலவான ஆற்றல் மீண்டும் ஊறுவதற்கு அவருக்கு நேரமே கிடைப்பதில்லை.

ஓய்வு எவ்வாறு பயன் தருகிறது

உழைப்பின்போது இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், அழுத்தச் சுரப்புகள் ஆகியவை உயர்கின்றன. வேலை நின்றதும் இவை தாமாகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அவை முழுமையாகத் தணிவதற்குள் அடுத்த நாள் உழைப்புத் தொடங்கினால், மீதமுள்ள களைப்பு நாள்தோறும் கூடுகிறது. அடைக்கப்படாத கடனுக்கு வட்டி ஏறுவதைப் போன்றது இது.

உடல் நாற்காலியில் இருந்தாலும் மனம் அலுவலகத்திலேயே இருந்தால் இந்தத் தணிவு நிகழ்வதில்லை. ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் மீட்சி தரும் அனுபவங்கள் நான்காகப் பிரிக்கப்பட்டுள்ளன.

- மனத்தளவில் விலகல்: வேலையைப் பற்றிய எண்ணமே இல்லாதிருத்தல்.
- தளர்வு: மெல்லிசை, நடை, குளியல் போன்று உடலையும் மனத்தையும் அமைதிப்படுத்துபவை.
- தேர்ச்சி: தோட்டக்கலை, இசைப்பயிற்சி, புதிய மொழி போன்று விருப்பத்துடன் ஒன்றைக் கற்றல்.
- தன்னுரிமை: ஓய்வு நேரத்தை எவ்வாறு செலவிடுவது என்பதைத் தாமே முடிவு செய்தல்.

இரவு பத்து மணிக்கும் அலுவலக வாட்ஸ்அப் குழுவைப் பார்க்க வேண்டிய நிலையில் முதல் அனுபவம் கிட்டுவதில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களிலேயே ஞாயிறு முழுதும் கழிந்தால் நான்காவது கிட்டுவதில்லை. விடுமுறை எடுத்தும் களைப்பு தீரவில்லை எனப் பலர் கூறுவதன் காரணம் இதுவே.

விடுமுறையின் வரம்பு

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலக ஊழியர்களின் பணிச்சோர்வு விடுமுறையின்போது குறைந்ததையும், பணிக்குத் திரும்பிய மூன்றே வாரங்களில் பழைய அளவை எட்டியதையும் கண்டனர். பின்னர் வந்த ஆய்வுகளும் விடுமுறையின் பயன் விரைவில் மறைவதையே காட்டின. இதனால் விடுமுறை வீண் என்பதில்லை. ஆண்டுக்கொரு நீண்ட விடுமுறையை மட்டும் நம்பாமல், நாள்தோறும் மாலையிலும் வாரந்தோறும் ஒரு நாளும் உண்மையான ஓய்வு தேவை என்பதும், திரும்பிச் செல்லும் இடம் மாறாவிட்டால் நிலை மீண்டும் பழையபடி ஆகும் என்பதும் இதிலிருந்து பெறப்படுகின்றன.

மீட்சியின் படிநிலைகள்

கடுமையான பணிச்சோர்விலிருந்து மீள்வதற்குச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு.

முதற்படி நிறுத்தமும் உறக்கமும் ஆகும். தொடக்க நாள்களில் களைப்பு மேலும் கூடியது போலத் தோன்றுவது உண்டு. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வயது வந்தோருக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. ஒரே நேரத்தில் உறங்கி எழுதல், பிற்பகலுக்குப் பின் காப்பி, தேநீர் தவிர்த்தல், படுக்கையறைக்குள் கைப்பேசியைக் கொண்டுசெல்லாமை ஆகியவை உதவும். மதுவும் மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையும் உறக்கத்தின் தரத்தைக் கெடுப்பவை.

இரண்டாம் படியில் சிறு செயல்கள் திரும்புகின்றன. காலை வெயிலில் கால் மணி நேர நடை போதுமானது. பின்னர் மெல்லக் கூட்டலாம். வயது வந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஆனால் மீட்சிக் காலத்தில் இதையும் ஓர் இலக்காக்கித் தம்மை வருத்திக்கொள்வது தவறு. நண்பரோடு பேசுவது, கோயிலுக்கோ நூலகத்துக்கோ சென்று வருவது போன்றவையும் இப்படியில் சேரும்.

மூன்றாம் படியில் காரணத்தை ஆராய வேண்டும். மேற்கண்ட ஆறு இடங்களில் எது பிசகியது என எழுதிப் பார்ப்பது பயனுள்ளது. எதற்கும் மறுப்புச் சொல்ல இயலாமை, எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை இருப்பின் உளவியல் ஆலோசனை கைகொடுக்கும்.

நான்காம் படி பணிக்குத் திரும்புதல். ஒரே நாளில் முழுப் பளுவையும் ஏற்பதைவிட, குறைந்த நேரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது பாதுகாப்பானது. திரும்பும் முன்பே மேலதிகாரியுடன் பேசி எந்த வேலை குறையும், யாரிடம் மாறும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மாற்றம் ஏதும் இயலாத இடமாயின், இடமாறுதலோ வேறு வேலையோ தேடுவதும் மீட்சியின் ஒரு பகுதியே.

விடுப்பும் வருமானமும்

ஓய்வுக்கு முதல் தடை பெரும்பாலும் பணமே. தமிழ்நாட்டு அரசு ஊழியரிடையே ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணமாகப் பெறும் ‘சரண் விடுப்பு’ முறை நன்கு அறியப்பட்டது. குடும்பத் தேவைக்காகப் பலர் ஓய்வைவிடப் பணத்தையே தேர்ந்தெடுத்து வந்துள்ளனர். ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள தொழிலாளர், தேவையான சந்தா நாள்களைப் பூர்த்தி செய்திருப்பின், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். பணிச்சோர்வு ஒரு நோயாக வகைப்படுத்தப்படாததால், அதனுடன் சேர்ந்துவரும் உறக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவது முக்கியம். மனநோய்ச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு வழங்க வேண்டும் என 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. நாட்கூலிக்கு உழைப்போரில் பெரும்பாலோருக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை; வேலைக்குச் செல்லாத நாள் கூலியில்லாத நாளாகிறது.

பணியிடத்தின் பொறுப்பு

உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், குருதிக்குறை இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். எனவே வேலை நேரம் தனிமனிதரின் விருப்பம் சார்ந்தது மட்டுமன்று.

இதை உணர்ந்து சில நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 சனவரி 1 முதலும், ஆத்திரேலியாவில் 2024 ஆகத்து முதலும் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் நாள் முழுதும் நின்றே பணிபுரிந்தவர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்ற சட்டத்திருத்தம் 2021இல் கொண்டுவரப்பட்டது. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளித்த தொழிற்சாலைகள் சட்டத்திருத்த முன்வரைவு 2023இல் தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது.

உதவி நாட வேண்டிய நிலை

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ பசியோ இல்லாதிருத்தல், எதிலும் மகிழ்ச்சியின்மை, மதுவை நாடுதல், வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஆகியவை தோன்றினால் ஓய்வு மட்டும் போதாது. மருத்துவரை அணுக வேண்டும். தற்கொலை எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926 ஆகும்.

பணிச்சோர்வு சோம்பலோ மனவலிமைக் குறைவோ அன்று. பொறுப்பை உதறியவர்களைவிட, பொறுப்புடன் நீண்டகாலம் உழைத்தவர்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது என்பதைக் குடும்பத்தினரும் உடன் பணிபுரிவோரும் அறிந்திருப்பது, மீள்பவருக்குப் பெருந்துணையாக அமையும்.